உடைமைச் சொல்லும் ‘டு’ வினையும்

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ஹிஸ் டிசிஷன் டு ரிசைன்’ (பதவி விலகும் அவருடைய முடிவு) என்பது சரியென்றால், ‘ஹிஸ் டு ரிசைன்’ என்று மட்டும் எழுதுவது ஏன் பிழை?

பதில்: ‘ஹிஸ்’ என்ற உடைமைச் சொல் அங்கே ‘டிசிஷன்’ என்னும் பெயர்ச்சொல்லைத்தான் தழுவுகிறது, ‘டு’ சேர்ந்த வினையை அது நேரடியாகத் தழுவாது என்பதால், செய்பவரைக் குறிக்க ‘ஃபார் ஹிம் டு ரிசைன்’ என்றோ ‘ஹிஸ் ரிசைனிங்’ என்றோ எழுத வேண்டும். ‘தி சாய்ஸ் இஸ் ஹிஸ் டு மேக்’ என்பதில் ‘ஹிஸ்’ தனித்து நின்று ‘அவருடையது’ என்று பொருள்படுவதால் அது பிழையன்று.

‘டு’ வினைக்கு முன் வரும் ‘ஈகர்’, ‘ஈஸி’ போன்ற பெயரடைகளிடம்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. ‘ஹி இஸ் ஈகர் டு ப்ளீஸ்’ என்றால் அவர் பிறரை மகிழ்விக்கத் துடிக்கிறார். அதே அமைப்பில் ‘ஈஸி டு ப்ளீஸ்’ என்றாலோ, அவரை மகிழ்விப்பது பிறருக்கு எளிது. மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி எடுத்துக்காட்டிய இந்த இணை, மொழியியல் மாணவர்களுக்கு இன்றும் பாடம். ஒருவரின் குணத்தைப் பாராட்டும்போதோ குறைகூறும்போதோ, செய்பவரைக் குறிக்கும் ‘ஃபார்’ விலகி, ‘இட் இஸ் கைண்ட் ஆஃப் யூ டு கம்’ என ‘ஆஃப்’ வரும்.