வாசகர் கேள்வி: திருப்பி அனுப்பப்பட்ட நன்னடத்தைச் சான்றிதழ்

கேள்வி: எனக்கு வயது 27. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். முதுகலைப் படிப்புக்காக இரண்டு ஆண்டுகள் இங்கிலாந்தில் இருந்தேன். இப்போது தென்கொரியாவில் ஒரு தனியார் பயிற்சிப் பள்ளியில் சிறுவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. நான்கு மாதத்தில் சேர வேண்டும். நான் வசிக்கும் மாநிலத்தின் காவல்துறையிடம் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கி, நோட்டரியிடம் கையெழுத்துப் பெற்று, வெளிநாட்டில் ஆவணம் செல்லுபடியாவதற்காக ஒட்டப்படும் அப்போஸ்டில் என்ற முத்திரையையும் மாநில அரசிடம் பெற்றுச் சேர்த்து அனுப்பினேன். ‘இது செல்லாது’ என்று பள்ளி திருப்பி அனுப்பிவிட்டது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 19 வயதில் கல்லூரி விடுதியில் நடந்த ஒரு கைகலப்பில் என்னையும் கைது செய்தார்கள். சில மாதங்களில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அது இப்போது வெளியே வருமா? நான் என்ன செய்ய வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. ஒன்று தாளைப் பற்றியது, மற்றொன்று பத்தொன்பது வயதில் நடந்ததைப் பற்றியது. இரண்டாவது கவலைதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனாலும் தாளைப் பற்றி முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் அதில் உள்ள வழிதான் உங்கள் பழைய வழக்கைக் குறித்தும் தெளிவான விடையைத் தரப்போகிறது.

உங்கள் சான்றிதழில் பொய்யோ பிழையோ எதுவும் இல்லை. அது ஒரே ஒரு மாநிலத்தின் பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில் என்பதுதான் அது திரும்பி வந்ததற்குக் காரணம். தென்கொரியா ஆங்கில ஆசிரியர்களுக்கு வழங்கும் இ-2 விசாவுக்கு, விண்ணப்பதாரர் குடிமகனாக உள்ள நாடு முழுவதையும் தழுவிய குற்றப் பின்னணிச் சான்று வேண்டும்; அமெரிக்கக் குடிமக்களைப் பொறுத்தவரை அதைத் தரக்கூடியது அந்நாட்டின் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. மட்டுமே. இந்தக் கடுமைக்கு ஒரு வரலாறு உண்டு. 2007 அக்டோபரில், சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியதாகத் தேடப்பட்டுவந்த ஓர் ஆசிரியர் தாய்லாந்தில் கைது செய்யப்பட்டார். அதற்குச் சில நாட்கள் முன்புவரை அவர் கொரியாவில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தவர். அந்த ஆண்டு டிசம்பரிலேயே குற்றப் பின்னணிச் சான்றை அந்த நாடு கட்டாயமாக்கியது. ஆகவே இந்தச் சோதனையை உங்கள் மீதான சந்தேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தம் பிள்ளைகளை ஓர் அயலாரிடம் ஒப்படைக்கும் பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி இது, அந்தக் கேள்விக்குச் சரியான இடத்திலிருந்து பதில் வாங்கித் தருவதே உங்கள் வேலை.

எஃப்.பி.ஐ. தரும் இந்த ஆவணத்துக்கு ‘அடையாள வரலாற்றுச் சுருக்கம்’ என்று பொருள்படும் பெயர். கைரேகையை அடிப்படையாகக் கொண்டே இது தரப்படுகிறது. பெயரை மட்டும் வைத்துத் தேடித் தரும் தனியார் இணைய நிறுவனங்களின் அறிக்கையை எத்தனை பணம் கொடுத்து வாங்கினாலும் விசா அதிகாரிக்கு அது வெறும் காகிதம்தான். நேரடியாக எஃப்.பி.ஐ.யிடம் விண்ணப்பித்தால் கட்டணம் 18 டாலர். இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு, இதற்கென ஏற்பாடு செய்யப்பட்டுள்ள சில அஞ்சல் நிலையங்களில் மின்முறையில் கைரேகை கொடுத்தால் பதில் விரைவில் வந்துவிடும். மை தொட்டுப் பதித்த கைரேகை அட்டையைத் தபாலில் அனுப்பினால் நாட்கள் கூடும். இணையவழி விண்ணப்பத்திலும் காகித நகலைத் தபாலில் அனுப்புமாறு கேட்க இடம் உண்டு, அதை மறவாமல் தேர்ந்தெடுங்கள். அட்டையைத் தபாலில் அனுப்புவதாக இருந்தால், பழக்கமுள்ள ஒருவரிடம் இரண்டு மூன்று அட்டைகளில் பதித்து, எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்புங்கள். ரேகை தெளிவில்லை என்று திரும்பி வருவதால் வீணாகும் வாரங்கள் இந்த வேலையில் மிக அதிகம். எஃப்.பி.ஐ. அங்கீகரித்த இடைநிலை நிறுவனங்கள் வழியாகவும் பெறலாம். அப்படிப் பெறும் தாளுக்கு அப்போஸ்டில் கிடைக்குமா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் இன்னொரு முறை சறுக்கக்கூடிய இடம் அப்போஸ்டில்தான். 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டின் அரசு ஆவணத்தை மற்றொரு உறுப்பு நாடு மேற்கொண்டு தூதரகச் சான்று கேட்காமல் ஏற்பதற்காக ஒட்டப்படும் சான்று அது. அமெரிக்காவும் தென்கொரியாவும் அதில் உறுப்பு நாடுகள். ஆனால் அப்போஸ்டில் என்பது தாளில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டுமே உறுதி சொல்கிறது. ஆகவே எந்த அரசு தாளைக் கொடுத்ததோ அந்த அரசுதான் அதற்குப் பொறுப்பேற்க முடியும். எஃப்.பி.ஐ. கூட்டாட்சி அரசின் அமைப்பு. அதன் சான்றுக்கு உங்கள் மாநிலச் செயலாளர் அலுவலகம் அப்போஸ்டில் தர முடியாது. வெளியுறவுத் துறையின் ஆவணச் சான்றளிப்பு அலுவலகம்தான் தர வேண்டும். அதற்கான கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 20 டாலர். போன முறை செய்ததைப் போல இதையும் நோட்டரியிடம் கொண்டுபோய்விடாதீர்கள். கூட்டாட்சி அரசின் ஆவணத்தில் நோட்டரி கையெழுத்து விழுந்தால் அதையே காரணமாகக் காட்டி நிராகரிப்பார்கள். இணைத்திருக்கும் பக்கங்களைப் பிரிக்கவும் வேண்டாம், உறையிட்டுப் பாதுகாக்கிறேன் என்று பிளாஸ்டிக் பூசவும் வேண்டாம்.

இந்தக் குழப்பம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. இதே விசாவுக்கு உங்கள் பட்டச் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் கேட்கிறார்கள், அதன் பாதை இதற்கு நேர் எதிரானது. பட்டம் அரசு அதிகாரி கையெழுத்திட்ட ஆவணம் அல்ல என்பதால் வழக்கமாக அதன் நகலை முதலில் நோட்டரியிடம் சான்று பெற்று, பிறகு அந்த நோட்டரி பதிவு பெற்றுள்ள மாநிலத்தில் அப்போஸ்டில் வாங்குவார்கள். ஒரே உறையில் கொரியாவுக்குப் போகும் இரண்டு தாள்கள் இரண்டு வேறு வழிகளில் தயாராக வேண்டியிருக்கின்றன. ஒன்றின் வழியை மற்றொன்றுக்குப் பின்பற்றியதால் ஏமாந்தவர்கள் உங்களுக்கு முன்பும் பலர்.

இங்கிலாந்தில் இருந்த இரண்டு ஆண்டுகளுக்கும் சான்று வேண்டுமா என்பதைப் பள்ளியிடம் இன்றே எழுத்தில் கேளுங்கள். வேண்டும் என்றால், அந்த நாட்டில் விசா தேவைக்கான காவல்துறைச் சான்றிதழை வழங்குவது அக்ரோ என்ற அலுவலகம், வெளிநாட்டிலிருந்தபடியே விண்ணப்பிக்கலாம். அங்கே படிக்கும்போது பகுதிநேர வேலைக்காக டி.பி.எஸ். என்ற பின்னணிச் சோதனைச் சான்று வாங்கியிருந்தால் அதை அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அது அந்த நாட்டுக்குள்ளேயே வேலை தருபவர்களுக்கானது, இங்கே உதவாது. அக்ரோவின் சான்றுக்கு அப்போஸ்டில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகத்திடமிருந்து வர வேண்டும்.

இனி உங்கள் பழைய வழக்குக்கு வருகிறேன்.

அது வெளியே வருமா என்று கேட்கிறீர்கள். வரக்கூடும். எஃப்.பி.ஐ.யின் பதிவேடு தண்டனைகளின் பட்டியல் மட்டுமல்ல, கைதுகளின் பட்டியலும்கூட. கைது செய்தபோது உங்கள் கைரேகையை எடுத்து எஃப்.பி.ஐ.க்கு அனுப்பியிருந்தால், வழக்கு தள்ளுபடியான பிறகும் கைது பற்றிய குறிப்பு அங்கே நிற்கும். இதில் வருத்தத்துக்குரிய குறை ஒன்று உண்டு. கைதைப் பற்றிய தகவல் எஃப்.பி.ஐ.க்குப் போய்ச் சேர்கிறது, ஆனால் வழக்கு எப்படி முடிந்தது என்ற தகவல் பல நேரங்களில் போய்ச் சேர்வதில்லை. அப்போது பதிவேட்டில் கைது மட்டும் இருக்கும், முடிவுக்கான இடம் வெறுமையாக இருக்கும். படிப்பவருக்கு நீங்கள் இன்னும் விசாரணையில் இருப்பவர்போலத் தோன்றும். மாநிலம் அந்தப் பதிவை மூடிவிட்டது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தாலும், மாநிலம் எஃப்.பி.ஐ.க்கு அதைத் தெரிவித்திருந்தால் ஒழிய அங்கே அது மறைந்திருக்காது. உங்கள் மாநிலச் சான்று தூய்மையாக வந்ததால் எஃப்.பி.ஐ. சான்றும் அப்படியே வரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஆனால் இந்தச் சான்று முதலில் உங்கள் கைக்குத்தான் வருகிறது. தம்மைப் பற்றிய பதிவைத் தாமே கேட்டுப் பார்க்கும் உரிமையின்படிதான் அது தரப்படுகிறது. பள்ளியோ குடிவரவு அதிகாரியோ பார்க்கும் முன்பு, அதில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் பார்த்துவிடலாம். எனவே அப்போஸ்டிலுக்கு அனுப்பும் முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி அதை வரி வரியாகப் படியுங்கள். கைதின் குறிப்பு இருந்து முடிவு விடுபட்டிருந்தால், திருத்தம் கோரி எஃப்.பி.ஐ.யிடமோ மாநிலத்தின் பதிவு அலுவலகத்திடமோ முறையிடலாம், எஃப்.பி.ஐ. இதற்குக் கட்டணம் கேட்பதில்லை. அதற்குத் தேவையான ஆதாரம் நீதிமன்றத்தின் முத்திரையோடு கூடிய தீர்ப்பு நகல். அதற்கு எஃப்.பி.ஐ.யின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். வழக்கு நடந்த நீதிமன்றத்தின் எழுத்தர் அலுவலகத்துக்கு இந்த வாரமே எழுதி, இரண்டு நகல்கள் கேளுங்கள். எட்டு ஆண்டுப் பழைய கோப்பைத் தேடி எடுக்க அவர்களுக்கும் நாட்கள் ஆகும்.

விசா விண்ணப்பத்தில் உள்ள கேள்வியை அவசரமாகப் படிக்காதீர்கள். ‘தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா’ என்பதும் ‘கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா’ என்பதும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு நீங்கள் இல்லை என்று எழுதுவது உண்மை. இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று எழுதினால் அது பொய், அந்தப் பொய் உங்கள் கைரேகையோடு சேர்த்தே அவர்கள் மேசைக்கு வந்து சேரும். தள்ளுபடியான ஒரு கைகலப்பு வழக்கை ஓர் அதிகாரி மன்னித்துக் கடந்துவிடக்கூடும். மறைத்ததைக் கண்டுபிடித்த பிறகு அவர் உங்களை நம்ப எந்தக் காரணமும் இராது. முடிவு அந்த அதிகாரியின் கையில் இருக்கிறது என்பதால், நிச்சயம் விசா கிடைத்துவிடும் என்று உங்களுக்கு வாக்குறுதி தர நான் துணியமாட்டேன். சான்றில் கைது இருந்தால், குடிவரவுச் சட்டம் அறிந்த ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். பள்ளிக்கும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: என்ன நடந்தது, எந்த ஆண்டு, எப்படி முடிந்தது என்று நான்கைந்து வரிகளில், தீர்ப்பு நகலை இணைத்து. அன்றைய சூழலையும் தோழிகளின் குற்றத்தையும் விளக்கி நீளமாக எழுத வேண்டாம்.

காலக் கணக்கு ஒன்று பாக்கி. விண்ணப்பிக்கும் நாளில் சான்று வழங்கப்பட்டு ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு இருப்பது நான்கு மாதம் என்பதால் காலாவதியாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். நேரம் போதாமல் போகக்கூடும் என்பதுதான் உண்மையான ஆபத்து. தபால் வழியாக அப்போஸ்டில் கிடைக்கவே பல வாரங்கள் ஆகலாம். அதன் பிறகு மூலத் தாள்கள் கொரியாவுக்குப் போய், பள்ளி அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் அவற்றைக் கொடுத்து, விசாவுக்கான அனுமதி எண்ணை வாங்கி அனுப்பிய பிறகுதான் நீங்கள் கொரியத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பிக்க முடியும். மூலத் தாள் உங்களிடம் திரும்பாது என்று வைத்துக்கொண்டு, முடிந்தால் இரண்டு சான்றுகளுக்கு அப்போஸ்டில் வாங்குங்கள். வேறு பள்ளிக்கு மாற நேர்ந்தாலோ உறை வழியில் தொலைந்தாலோ இன்னொன்று கையில் இருக்கும். கடவுச்சீட்டில் உள்ள பெயரும் சான்றில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். பட்டத்தில் தலைப்பெழுத்தோடு நின்ற பெயர் கடவுச்சீட்டில் விரிந்திருந்தால் அதையும் பள்ளிக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

சேரும் தேதியைச் சில வாரங்கள் தள்ளிவைக்க முடியுமா என்று பள்ளியிடம் கேட்கத் தயங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். கேளுங்கள். வெளிநாட்டு ஆசிரியர்களை அழைக்கும் பள்ளிகளுக்குத் தாள்கள் தாமதமாவது புதிதல்ல. கைரேகை கொடுத்த ரசீதை அந்தக் கடிதத்தோடு இணைத்து அனுப்பினால், சான்று வாங்கும் வேலையை நீங்கள் தொடங்கிவிட்டீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.