அம்மாபேட்டை காலிமனை: அக்கம்பக்கத்தார் கையெழுத்து போட மறுத்தால்

அம்மாபேட்டையில் இரண்டு பழைய வீடுகளுக்கு நடுவே இருக்கும் உங்கள் காலிமனையில் கட்ட, அக்கம்பக்கத்தார் கையெழுத்து தர மறுக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் கையெழுத்து இல்லாமலே கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். மாநகராட்சி பார்ப்பது உங்கள் பத்திரம், பட்டா, வரைபடம், விதிகள்.

இரண்டு பழைய வீடுகளுக்கு நடுவே மாடி எழுப்பினால் "தெருவின் பழமை கெடும்" என்கிறார்களாம். எனக்கென்னவோ அது சுவரைப் பற்றிய பயமாகத்தான் படுகிறது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு அஸ்திவாரம் ஆழமிருக்காது. சுவரை ஒட்டி உள்ளே குழித்தறி (தரையில் குழி வெட்டி அமைக்கும் கைத்தறி) வேறு இருந்தால், நீங்கள் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது அவர்கள் பிழைப்பே ஆட்டம் காணும். அந்தப் பயம் நியாயமானது.

1. பத்திரத்தில் நான்கெல்லையைப் பாருங்கள். பொதுச்சுவர் என்றிருந்தால் அவர்கள் சம்மதமில்லாமல் தொடவே கூடாது.

2. பொறியாளரோடு போய், இப்போதே இருக்கும் விரிசல்களை அவர்கள் முன்னிலையில் தேதியோடு படமெடுங்கள். விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். வானத்தையும் ஒரே மூச்சில் வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். உங்கள் மனைப் பக்கம் 20 வருடமாகத் தடையின்றித் திறந்திருக்கும் ஜன்னல் இருந்தால், 1882ஆம் வருட ஈஸ்மென்ட் (அடுத்தவர் மனை மீதான அனுபவ உரிமை) சட்டப்படி வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அவர்கள் உரிமை கோர முடியும். மாநகராட்சி அனுமதி அதற்குக் கேடயமாகாது. வரைபடம் போடும் முன்பே வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.