பிரதிநிதிகள் சபைக்கு மாதக் கடைசி, செனட்டுக்கு 5, 20

கேள்வி: என் மகள் வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் பிப்ரவரி 15 அன்று வேலைக்குச் சேர்கிறாள். செனட்டில் வேலை பார்க்கும் அவள் தோழிக்கு மாதம் இரண்டு தடவை சம்பளமாம். ஒரே காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) ஏன் இந்த வித்தியாசம்? மகளுக்கு முதல் மாதம் எவ்வளவு வரும்?

பதில்: இரண்டு அவைகளுக்கும் கஜானா வேலை தனித்தனி. சபையில் தலைமை நிர்வாக அதிகாரியும், செனட்டில் அதன் செயலாளரின் கீழுள்ள பட்டுவாடா அலுவலகமும் பார்த்துக்கொள்கின்றன. சபைக்குச் சட்டம் வகுத்த வழக்கமான நாள் மாதத்தின் கடைசி நாள். செனட்டுக்கு 5, 20 தேதிகள். சபையும் மாதம் இருமுறைக்கு மாறலாம் என்று, 2019-ல் சபை அமைத்த நவீனமயக் குழுவே பரிந்துரைத்தது. புதிதாகச் சேர்பவர்களுக்கு அதுதான் நல்லது. முதல் தேதி சேர்ந்தவர் கையில் காசு பார்க்க மாதம் முழுக்கக் காத்திருக்க வேண்டாம்.

கணக்குக்கு வருவோம். ஆண்டுச் சம்பளம் 45,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுநேர ஊழியர்களுக்கு 2022 செப்டம்பரில் சபையில் அமலுக்கு வந்த குறைந்தபட்சம் அது. 12-ஆல் வகுத்தால் மாதம் 3,750. பிப்ரவரியோ மார்ச்சோ, மாதத்துக்கு 30 நாள்தான் கணக்கு. ஆக, ஒரு நாளுக்கு 125. சேர்வதற்கு முன் கழிந்த 14 நாளுக்கு 1,750-ஐக் கழித்தால் மீதி 2,000. 28 நாள் பிப்ரவரியில் அவள் பணியில் இருப்பது 14 நாள்; கிடைப்பது 16 நாள் சம்பளம். இதே விதியில் 31-ஆம் தேதி சேர்பவருக்கு அந்த மாதம் ஒன்றுமே கிடையாது. இந்த 2,000-ல் வருமான வரி போக, சமூகப் பாதுகாப்புக்கு 6.2 சதவீதமும் மெடிகேர் எனும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதமும் பிடித்தம் உண்டு.

தேதி சனி, ஞாயிறு, அரசு விடுமுறையில் விழுந்தால் பணம் முந்தைய வேலை நாளிலேயே வந்துவிடும். சந்தோஷமாகத் தெரியும், ஆனால் பட்ஜெட் இடிப்பது இங்கேதான். 2026 ஜூலை 5 ஞாயிறு. அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 சனிக்கிழமை என்பதால் வெள்ளி விடுமுறை. எனவே செனட் சம்பளம் ஜூலை 2 வியாழனுக்கு நகர்கிறது; அடுத்தது 20-ஆம் தேதிதான். இடையில் 18 நாள்.

பின்னாளில் மகள் சபையிலிருந்து செனட்டுக்கு மாறினால் கவலையில்லை: மாதக் கடைசியில் சபைச் சம்பளம், 1-ஆம் தேதி சேர்ந்தால் 20-ல் அடுத்தது. எதிர்த்திசையில் மாறினால், 5-ஆம் தேதி வரும் செனட் பாக்கியை வைத்து மாதக் கடைசிவரை ஓட்ட வேண்டும்.

மாத நடுவில் சேர்வதால் ஒன்றை மட்டும் உடனே கேட்கச் சொல்லுங்கள்: நியமனப் படிவம் அந்த மாதக் கெடுவுக்குள் சம்பளப் பிரிவுக்குப் போய்விட்டதா? தவறினால் அந்த 2,000 தாமதமாக வரலாம்.