கிளினிக்கின் தகவல் பகிர்வு மென்பொருளை மாற்றப் போகிறீர்களா? பழையதை உடனே மூடாதீர்கள்

கேள்வி: நாங்கள் சில டாக்டர்கள் சேர்ந்து பொது மருத்துவ கிளினிக் நடத்துகிறோம். லேப் ரிசல்ட் வாங்க, ஸ்பெஷலிஸ்டுகளுக்குக் கடிதம் அனுப்ப, மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி பெற என்று எல்லாவற்றுக்கும் பல வருடங்களாக ஒரே மென்பொருள்தான். ஒப்பந்தம் முடியப் போவதால் வேறொன்றுக்கு மாறலாம் என்றிருக்கிறோம். புது நிறுவனம் சனி, ஞாயிறில் முடித்துவிடலாம் என்கிறது. நம்பலாமா?

பதில்: நிறுவுகிற வேலை மட்டும் என்றால் இரண்டு நாள் தாராளம், அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்களோடு தகவல் பரிமாறும் லேப், ஸ்கேன் சென்டர், மருத்துவமனை ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் உங்கள் முகவரியை மாற்றி வைக்க வேண்டுமே, அது உங்கள் கையிலும் இல்லை, புது நிறுவனத்தின் கையிலும் இல்லை. பத்துப் பேரில் ஒன்பது பேர் மாற்றிவிட்டு ஒருவர் மறந்தால், அந்த ஒருவரின் ரிசல்ட் எல்லாம் யாரும் திறக்காத பழைய மென்பொருளின் உள்வரும் பெட்டியில் போய் விழும்.

இதில் மோசமானது, யாருக்கும் தெரியாமல் நடப்பதுதான். மருத்துவக் கணினிகள் தகவல் பரிமாற லேப்கள் இன்னும் பரவலாகப் பயன்படுத்தும் எச்எல்7 என்ற பொது முறையின் இரண்டாம் பதிப்பில், செய்தி வந்து சேர்ந்ததும் வாங்கிய பக்கம் ‘ஏஏ’ என்று ஒரு ஒப்புதல் அனுப்பும். பிழை என்றால் ‘ஏஇ’, நிராகரித்தால் ‘ஏஆர்’. ‘ஏஏ’ என்றால் கணினி வாங்கிக்கொண்டது என்று மட்டுமே அர்த்தம், டாக்டர் பார்த்தார் என்று இல்லை. பழைய மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும் வரை அது பாட்டுக்கு ‘ஏஏ’ சொல்லிக்கொண்டே இருக்கும், லேப்பும் வேலை முடிந்தது என்று போய்விடும்.

அதனால் முதல் வேலை, யார் யாரிடமிருந்து என்னென்ன வருகிறது, யாருக்கு என்ன போகிறது என்ற பட்டியல். நினைவிலிருந்து எழுதாதீர்கள். பழைய மென்பொருளின் ஒரு வருடப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் சில இடங்களிலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் ஏதாவது வரும், அவைதான் விட்டுப்போகும். முன்மேசையில் இருப்பவர்களையும் கேளுங்கள், டாக்டர்களுக்குத் தெரியாத வழிகள் அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம், மாறும் நாளில் கேட்டு அனுப்பி இன்னும் பதில் வராத டெஸ்ட்டுகள். ரத்தச் சர்க்கரை அன்றே வந்துவிடும். காசநோய் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கும். ‘இறுதி’ என்று வந்த ரிசல்ட்டை லேப் பிறகு திருத்தி அனுப்புவதும் உண்டு, அந்தத் திருத்தம் முதல் ரிசல்ட் போன பாதையிலேயே போகலாம். ஆகவே பழைய பெட்டியைக் குறைந்தது மூன்று மாதம் திறந்து வைத்து, தினமும் அதைப் பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அந்த மூன்று மாதமும், அனுப்பிய டெஸ்ட்டுகளையும் வந்த ரிசல்ட்டுகளையும் வாரம் ஒருமுறை ஒப்பிடுங்கள். சலிப்பான வேலைதான், வராததைக் கண்டுபிடிக்க இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சோதனை ஓட்டத்தில் நிறுவனம் கொடுக்கும் அழகான மாதிரி ரிசல்ட்டை வைத்துத் திருப்திப்படாதீர்கள். தொல்லை பிடித்தவற்றை நீங்களே கொடுங்கள்: ஆன்டிபயாடிக் அட்டவணையோடு வரும் கல்ச்சர் ரிப்போர்ட், ‘5-க்குக் குறைவு’ என்று குறியோடு வரும் எண் (குறி காணாமல் போய் வெறும் 5 ஆக நிற்கிறதா என்று பார்க்க), ஸ்கேன் செய்த பிடிஎஃப், ஒரே பிறந்த தேதியும் குடும்பப் பெயரும் உள்ள இரட்டையர். அளவீட்டு அலகையும் கவனியுங்கள். குளுக்கோஸ் ஒரு லேப்பில் 126 மில்லிகிராம்/டெசிலிட்டர் என்று வரும், இன்னொன்றில் அதே அளவு 7 மில்லிமோல்/லிட்டர். எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட்) 6.5 சதவீதமும் 48 மில்லிமோல்/மோலும் ஒன்றுதான். லேப் தன் சொந்தக் குறியீட்டில் அனுப்பி, புது மென்பொருளுக்கு அது புரியாவிட்டால் ரிசல்ட் வெறும் எழுத்தாகத் தெரியும். டாக்டர் படித்துக்கொள்ளலாம், ஆனால் வரைபடத்தில் ஏறாது, ‘எச்பிஏ1சி பார்க்க வேண்டியவர்கள்’ பட்டியலும் தப்பாகும்.

அலர்ஜியும் இப்படித்தான். பென்சிலின் ஒவ்வாமை குறியீடாக வராமல் வெறும் வாக்கியமாக வந்தால், மருந்து எழுதும்போது எச்சரிக்கை வராது. ‘நாங்கள் எஃப்எச்ஐஆர் (எச்எல்7-இன் புதிய தகவல் பரிமாற்ற முறை) ஆதரிக்கிறோம்’ என்று விற்பனையாளர் சொன்னால், சரி, எந்தப் பதிப்பு, அலர்ஜியையும் மருந்துப் பட்டியலையும் அனுப்ப மட்டுமா, வாங்கிப் பதியவும் செய்யுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் பேச்சு தடுமாறும்.

பலரும் மறப்பது நோயாளியின் சம்மதம். ‘என் விவரத்தை வெளியே கொடுக்காதீர்கள்’ என்று சொன்னவர்களின் குறிப்பு சில இடங்களில் நோயாளிக் கோப்பில் இருக்காது, பழைய பகிர்வு மென்பொருளுக்குள்தான் இருக்கும். புதியது எல்லோரையும் ‘பகிரலாம்’ என்று எடுத்துக்கொண்டு ஆரம்பித்தால், போன தகவலைத் திரும்ப வாங்க முடியாது. அந்தப் பட்டியலை ஏற்றிச் சரிபார்த்த பிறகே முதல் தகவல் வெளியே போக வேண்டும்.

நாள் என்று கேட்டால், வார இறுதியை விட செவ்வாய், புதன் நல்லது, ஏதாவது நின்றால் லேப்பில் போன் எடுக்க ஆள் இருப்பார்கள். முடிந்தால் ஒவ்வொரு லேப்பாக மாற்றுங்கள். கொஞ்ச நாள் ஒரே ரிசல்ட் இரண்டு வழியிலும் வரும், எரிச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத் தேதி நெருங்கிவிட்டதென்றால், பழைய நிறுவனத்திடம் மாதக் கட்டணத்தில் மூன்று மாத நீட்டிப்பு கேளுங்கள். மறுத்தால், உள்வரும் பெட்டியை மட்டுமாவது திறந்து வைக்கவும், நீங்கள் அனுப்பிய கடிதங்களின் தேதி, நேரப் பதிவேட்டைப் படிக்கக்கூடிய கோப்பாகத் தரவும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு புதியவர்களிடம் கையெழுத்துப் போடுங்கள்.