முறை

ஐயா,

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. சபையில் எல்லோரும் அக்கா, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். போன மாதம் குடல்வால் ஒப்பரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தேன். வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பது பேர் 'ஜெபிக்கிறோம்' என்று போட்டார்கள். வந்து நின்றது, பேசாமலிருந்த அம்மாதான். தேவனுடைய சித்தத்தின்படி செய்கிறவனே எனக்குச் சகோதரனும் சகோதரியும் தாயும் என்று இயேசு சொன்ன மாற்கு 3:35 அப்படியென்றால் வெறும் பேச்சா? இரத்த உறவுதான் கடைசிவரை வருமா? பெயரை மாற்றிக்கொண்டதும் பிழையோ என்று தோன்றுகிறது.

ஒரு வாசகி

அன்பின் மகளுக்கு,

(இப்படிக் கூப்பிடுவதில் எனக்கு ஒரு சதம் செலவில்லை என்பதைக் கவனியுங்கள்.)

பெயர் விஷயத்தை விடுங்கள், அது அடையாள அட்டைக்காரர்களின் கவலை. அம்மாவுக்கு இன்றைக்கே ஒரு டெலிபோன் கோல் எடுங்கள். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம். வீட்டில் பேச்சு நின்றதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று ஒரு வரிகூட எழுதவில்லையே நீங்கள்?

மாற்கு 3:35க்கு வருவோம். அதில் சகோதரன் உண்டு, சகோதரி உண்டு, தாய் உண்டு; தகப்பன் இல்லை. பத்தாம் அதிகாரத்தில் நூறத்தனையாய்த் திரும்பக் கிடைப்பவற்றின் வரிசையிலும் இல்லை. தம்மை 'அப்பா' என்று கூப்பிடச் சொல்லும் போதகர்கள் ஒருதடவை வாசித்துப் பார்க்கலாம். நிற்க.

சொந்தத்துக்கும் 'முறை' என்கிறோம், குழாயடி வரிசைக்கும் 'முறை' என்கிறோம். 'அவ எனக்கு என்ன முறை?' 'இன்னைக்கு யார் முறை?' உங்கள் நாற்பது பேருக்கும் முதல் கேள்விக்குப் பதில் தெரிகிறது. இரண்டாவதை யாரும் கேட்கவேயில்லை.

மலையகத்துக்கு இது தெரியாத வித்தை அல்ல. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நம் ஆட்களில் 525,000 பேரை இந்தியாவுக்கென்று எழுதியது. அண்ணன் ஒரு கரை, தம்பி ஒரு கரை. மிஞ்சியவர்களுக்கு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராக்காரர்தான் சித்தப்பா, மாமா எல்லாம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. இரவில் இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும், சுடுதண்ணீர் வந்துவிடும். அந்தப் பாசத்தில் பாதி அந்த அரைச்சுவரின் வேலை. சபையாட்களோ ஆளுக்கொரு தோட்டத்தில் இருக்கிறார்கள். இருமல் கேட்க வழியில்லை. அதனால் யார் எப்போது நிற்பது என்று எழுதி ஒரு கொப்பி போட வேண்டும்.

நாலு நாளுக்குப் பகல் நாலு, இரவு நாலு. எட்டு முறை, எட்டுப் பேர், மாற்றாள் இரண்டு. ஆள் மாறும் நேரத்தைக் காலை ஆறு என்று வைத்தால் முதல் நாளே குழம்பும். தோட்டத்து முதல் பஸ் டவுனுக்கு வந்திருக்காது. எட்டு என்று வையுங்கள். அடுத்தவர் வந்து சேரும்வரை இருப்பவர் நகரக்கூடாது. பெண்கள் வார்ட்டில் பெண்தான் நிற்கலாம். இரவு தங்க முன்கூட்டியே வார்ட்டில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். டொக்டர் வரும் காலை முறைக்குச் சிங்களம் தெரிந்தவரைப் போடுங்கள். டொக்டர் சொன்னதை அவர் அங்கேயே எழுதி வைக்கட்டும், இரவு வருகிறவர் வாசிக்க.

இவ்வளவும் எழுதினாலும் செவ்வாய்க்கிழமை உடையும். ஞாயிற்றுக்கிழமை நிற்க எல்லோருக்கும் மனசு உண்டு. கிழமை நாளில் நின்றால் கொழுந்தெடுக்கிறவளுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பாதிப் பேர் 'ஜெபிக்கிறோம்' என்று போட்டிருப்பார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். காணிக்கைக் காசில் நோயாளிக்கு அப்பிள் வாங்குவதை நிறுத்தி, நிற்கிறவருக்கு அந்த ஒரு பேர் சம்பளத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். 'அன்புக்குக் கூலியா?' என்று ஒருவர் எழும்புவார். பாருங்கள், அவர் மாதச் சம்பளக்காரராக இருப்பார்.

எருசலேம் சபையில் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி சாப்பாடு பகிர்வதில், சில விதவைகள் விடுபட்டபோது ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தில் ஏழு பெயரும் இருக்கிறது. அன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்திருந்தால் எல்லோரும் கைகூப்பிப் படம் போட்டிருப்பார்கள், விதவைகள் பட்டினி கிடந்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி நோயாளியை வீட்டுக்கு விட்டதோடு முறை முடிவதில்லை. லயத்துப் படி, தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு: வயிற்றுத் தையல் விட்டுப்போவது இவற்றால்தான். தண்ணீருக்கு ஒருவர், தையல் வெட்டக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஒருவர் என்று அதையும் கொப்பியில் ஏற்றுங்கள்.

முதல் பெயராக உங்கள் பெயரை எழுதுங்கள். பகல் முறை மட்டும், அதுவும் ஆறு வாரம் கழித்து. அதுவரை குடத்தைத் தொடவேண்டாம்.