மகள் ‘சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு’ படிக்கலாமா?

அம்மா, உங்கள் மகள் பி.எஸ்சி. புள்ளியியல் முடிக்கப்போகிறாள். குரூப் தேர்வுக் கோச்சிங்கில் சேர்த்துவிடலாம் என்று நீங்கள் இருக்க, அவள் அக்கம்பக்கத்தில் யாரும் கேள்விப்படாத ஒரு துறையைச் சொல்கிறாள். “டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, அப்படி என்ன வேலை சார் அது?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

அரசிடம் உள்ள மருத்துவ நிதிக்கு ஓர் அளவு உண்டு. அதைக் கேட்டு நிற்கும் மருந்துகளும் கருவிகளும் தடுப்பூசிகளும் ஏராளம். எதை முதலில் தருவது என்று ஆராய்ந்து சொல்ல ஆட்கள் வேண்டும். அதுதான் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு. பிரிட்டனில் 1999 முதல் ‘நைஸ்’ அமைப்பு இதைச் செய்கிறது. இந்தியாவில் 2017இல் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் ‘எச்டிஏஇன்’ (HTAIn) என்ற அமைப்பு வந்தது. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதன் மண்டல மையங்களில் ஒன்று.

அங்கே வேலை எப்படி நடக்கும்? எச்டிஏஇன் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்ட கண்புரை அறுவையைப் பாருங்கள். மெஷின் வைத்துப் புரையைக் கரைத்து மடக்கும் லென்ஸ் வைக்கலாம். மெஷின் இல்லாமல் சிறு கீறல் போட்டு மடங்காத லென்ஸும் வைக்கலாம். லென்ஸ் விலையை மட்டும் ஒப்பிட்டால் போதாது. மெஷின் எத்தனை வருஷம் உழைக்கும், ஒரு நாளில் எத்தனை பேருக்குச் செய்ய முடியும், நோயாளி எத்தனை நாள் கூலியை இழப்பார், பிறகு எவ்வளவு தெளிவாகப் பார்ப்பார் என்று எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். கடைசியில், கொடுக்கும் காசுக்குக் கூடுதல் பலன் தருவது சிறுகீறல் முறைதான் என்று ஆய்வு சொன்னது.

பலனை அளக்க ‘குவாலி’ (QALY) என்றொரு அளவு வைத்திருக்கிறார்கள். முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓராண்டு ஒரு குவாலி. ஒரு சிகிச்சையால் நான்கு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தாலும் பாதி ஆரோக்கியம்தான் என்றால், கிடைப்பது இரண்டு குவாலி.

ஆனால் கணக்கே தீர்ப்பு ஆகிவிடாது. இதை உங்கள் மகள் இப்போதே புரிந்துகொள்வது முக்கியம். தாய்லாந்தில் சிறுநீரகச் செயலிழப்புக்கான டயாலிசிஸ், செலவுக்கேற்ற பலன் தரவில்லை என்றுதான் ஆய்வு காட்டியது. ஆனாலும் வைத்தியச் செலவில் குடும்பங்கள் நொடித்துப்போவதைப் பார்த்து, 2008இல் அதை இலவசத் திட்டத்தில் சேர்த்தார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிசிஸுக்கு முதலிடம் என்று நிபந்தனை வைத்துச் செலவைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு எக்செல் ஷீட்டின் கடைசி வரிக்குப் பின்னால் யாரோ ஒருவருக்குச் சிகிச்சை கிடைக்கிறது, யாரோ ஒருவருக்குக் கிடைக்காமல் போகிறது. அந்தப் பாரத்தை உணர்ந்து கணக்குப் போடுகிறவர்கள்தான் இந்தத் துறைக்கு வேண்டும். இப்போது நம்மிடம் அப்படிப்பட்டவர்கள் போதாது.

சரி, வருமானத்துக்கு வருவோம். அரசு நிறுவனங்களில் இந்த வேலைகள் பெரும்பாலும் திட்ட அடிப்படையிலான ஒப்பந்தப் பணிகள்தான். பென்ஷனோடு நிரந்தர வேலை என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். அதே திறமைக்கு பெங்களூரு, ஹைதராபாத் மருந்து நிறுவனங்களிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் நல்ல தேவை இருக்கிறது. ஒரு பக்கம் கதவு அடைத்தாலும் இன்னொரு பக்கம் திறந்திருக்கும்.

படிப்புக்கு வேலூர் சி.எம்.சி.யின் எம்.எஸ்சி. உயிர்ப்புள்ளியியலை முதலில் பாருங்கள். அவளுடைய பட்டத்துக்குப் பொருந்தும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தின் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) பெயர்பெற்றது, ஆனால் தகுதி நிபந்தனைகளை வரிவரியாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். எங்கே சேர்ந்தாலும், புள்ளியியல் கணக்குகளுக்கான ‘ஆர்’ (R) மென்பொருளைக் கை பழக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை. எச்டிஏஇன் இணையதளத்தில் ஆய்வறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கும். ஒன்றை முழுதாகப் படித்து, அதில் எந்த அனுமானம் தவறாக இருக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அலுப்பில்லாமல் எழுதினால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். பாதியில் மூடி வைத்தால் கோச்சிங் பற்றிப் பேசலாம். முதுகலை முடித்த பிறகும் குரூப் தேர்வு எழுத அவளுக்கு வயது இருக்கும்.