மாக் ஆப்ஜெக்ட்ல வெச்ச ப்ராப்பர்ட்டி எங்க போச்சு?

வணக்கம் சார். பைத்தான்ல யூனிட் டெஸ்ட் எழுதிட்டிருக்கேன். அக்கவுண்ட்னு ஒரு கிளாஸ், அதுல பேலன்ஸ் ஒரு ப்ராப்பர்ட்டி. ஒரு மாக் (நிஜ ஆப்ஜெக்ட்டுக்கு பதிலா நிக்கிற டம்மி) பண்ணி அதோட பேலன்ஸ்ல ப்ராப்பர்ட்டிமாக்கை (ப்ராப்பர்ட்டிக்குனே இருக்கற மாக்) வெச்சு ரிட்டர்ன் வேல்யூ 500னு குடுத்தேன். பேலன்ஸ் 100-ஐ விட அதிகமானு கோடு செக் பண்ற இடத்துல டைப்எரர் அடிக்குது. அந்த 500 எங்க போச்சு?

பதில்:

எங்கயும் போகல, அதை யாரும் கேக்கவே இல்ல. ப்ராப்பர்ட்டிங்கறது ஒரு டிஸ்க்ரிப்டர் (அட்ரிபியூட்டை தொடும்போது என்ன நடக்கணும்னு முடிவு பண்ற ஆப்ஜெக்ட்), கிளாஸ்ல இருந்தாத்தான் அது வேலை செய்யும், நீங்க ஆப்ஜெக்ட்லயே நேரா வெச்சதால பைத்தான் அந்த ப்ராப்பர்ட்டிமாக்கை அப்படியே தூக்கி குடுத்துடுச்சு, அதையும் 100-ஐயும் எப்படி கம்பேர் பண்றது, அதான் டைப்எரர். டைப்(மாக்).பேலன்ஸ்னு அதோட கிளாஸ்ல வெச்சு பாருங்க, 500 வரும். மத்த மாக்கெல்லாம் கெட்டுடுமோன்னு பயம் வேணாம், ஒவ்வொரு மாக்குக்கும் தனியா ஒரு சப்கிளாஸ் உள்ளுக்குள்ளயே உருவாகுது. நிஜ அக்கவுண்ட் ஆப்ஜெக்ட்னா பேட்ச்.ஆப்ஜெக்ட்டை (டெஸ்ட் ஓடுற வரைக்கும் ஒரு அட்ரிபியூட்டை மாத்தி வைக்கிறது) கிளாஸ் மேல போடுங்க. இன்ஸ்டன்ஸ் மேல போட்டா, செட்டர் இல்லாத ப்ராப்பர்ட்டி அட்ரிபியூட்எரர் குடுக்கும்.

ஆனா உங்க கேஸுக்கு இது எதுவுமே வேணாம்! மாக்.பேலன்ஸ் = 500, முடிஞ்சுது. எத்தனை தடவை படிச்சாங்க, என்ன வேல்யூ செட் பண்ணாங்க, படிக்கும்போது எக்செப்ஷன் வரணுமா, இதெல்லாம் டெஸ்ட் பண்ணணும்னாத்தான் ப்ராப்பர்ட்டிமாக்.

எனக்கு உங்க டைப்எரரை விட பெரிய பயம், எரரே வராம பச்சையா பாஸ் ஆகுற டெஸ்ட்தான். இஸ்_குளோஸ்ட்னு ஒரு ப்ராப்பர்ட்டி இருக்கு, அதுக்கு வேல்யூ வைக்க மறந்துட்டீங்கன்னு வைங்க, மாக் சும்மா இன்னொரு மாக்கை குடுக்கும், அது இஃப்ல எப்பவுமே ட்ரூ, அக்கவுண்ட் மூடியே இருக்குனு நெனச்சு கோடு ஓடும். பேர்ல எழுத்துப்பிழை விட்டாலும் இதே கதிதான். எழுத்துப்பிழை பிரச்சனைக்கு, மாக் உருவாக்கும்போதே ஸ்பெக்_செட்ல அக்கவுண்ட் கிளாஸை குடுத்துடுங்க, கிளாஸ்ல இல்லாத பேரை தொட்டா உடனே கத்தும் (இனிட்ல செல்ஃப்னு போட்டு வெச்சதுக்கும் கத்தும், அது கிளாஸ்ல இல்லையே). ட்ரூ பிரச்சனைக்கு மட்டும் நீங்கதான் கையால ஃபால்ஸ் வைக்கணும்.

இன்னொண்ணு, ப்ராப்பர்ட்டிமாக் வழியா அட்ரிபியூட்எரர் எறிய பாக்காதீங்க. அந்த அட்ரிபியூட்டே இல்லன்னு நெனச்சு மாக் புதுசா ஒரு மாக்கை குடுத்துடும், எரர் வெளிய வரவே வராது. அப்படி வேணும்னா அந்த மாக்ல பேலன்ஸை டெல் போட்டு தூக்கிடுங்க, அப்புறம் யார் தொட்டாலும் அட்ரிபியூட்எரர்தான்.